பிரதிநிதி சாமியா? ஓட்டு நேர்த்திக்கடனா?

திருநெல்வேலித் தொகுதியின் பார்லிமெண்டு மெம்பர் ஒரு ஊருக்கு வருகின்றார் என்றால் அங்கு நடக்கின்ற காரியங்களை நமது தோழர்கள் ஒரு தடவை நிதானமாய்க் கவனித்துப் பார்க்கும்படி வேண்டுகின்றோம். மேளம் வருகின்றது. ஆளுயர மாலை வருகின்றது. பொன்னாடை போர்த்தப்படுகின்றது. ஆரத்தி எடுக்கப்படுகின்றது. பிறகு ஒவ்வொருவராய் வரிசையில் வந்து, முதுகை வளைத்து, இரண்டு கையாலும் ஒரு மனுவை நீட்டுகின்றார்கள். அவர் அதை வாங்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு, "பாத்துக்கிடுதேன்" என்கின்றார். மனுக்கொடுத்தவர் அந்த ஒரு வார்த்தையைத் திருநீறு வாங்குவது போல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகின்றார்.

இதற்கும் கோயிலில் நடக்கின்ற காரியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். அங்கேயும் மேளம், அங்கேயும் மாலை, அங்கேயும் பட்டு, அங்கேயும் கைகட்டி நின்று குறை சொல்லுவது. கேட்டது கிடைத்தால் சாமியின் மகிமை. கிடைக்காவிட்டால் நம்முடைய தலையெழுத்து. அதே மாதிரிதான் இங்கேயும், ஊருக்கு ஒரு பஸ் நிழற்கூடம் வந்துவிட்டால் "எம்.பி. அய்யா புண்ணியம்" என்கின்றோம், வராவிட்டால் "நம்ம ஊரு ராசி அப்படி" என்கின்றோம். இரண்டிலும் கணக்குக் கேட்பது என்கின்ற பேச்சே கிடையாது. சாமியிடத்தில் கணக்குக் கேட்டுப் பழகாத ஜனங்கள் மெம்பரிடத்திலும் கணக்குக் கேட்பதில்லை. சாமியிடம் கேட்காததால் நஷ்டம் தேங்காய் பழத்தோடு போகும். மெம்பரிடம் கேட்காததால் வருகின்ற நஷ்டமோ ஐந்து வருஷ வாழ்வு.

நிற்க. பார்லிமெண்டுப் பிரதிநிதி என்பவர் யார்? அவர் நமக்கு மேற்பட்டவர் அல்ல, நம்முடைய காரியஸ்தர். அம்பாசமுத்திரத்தில் நாலு கோட்டை விதைப்பாடு வைத்திருக்கின்ற ஒருவர், தாம் வெளியூரில் இருப்பதால் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அமர்த்துகின்றார் என்று வைத்துக்கொள்ளுவோம். அறுவடை முடிந்ததும் அந்த ஆளுக்கு மாலை போட்டு ஆரத்தியா எடுப்பார்? நெல் எத்தனை கோட்டை, கூலி எவ்வளவு, உரம் எவ்வளவு, மிச்சம் எங்கே என்றுதானே கேட்பார்? தம் வயல் விஷயத்தில் இவ்வளவு புத்தியாய் இருக்கின்ற மனிதர், ஊர்ப் பொது விஷயத்தில் மாத்திரம் காரியஸ்தர் காலில் விழுகின்றார் என்றால் அதற்கு என்ன பெயர் சொல்லுவது? டில்லியில் மெம்பர் பிரமாணம் எடுக்கும்போதுகூட "கடவுள் பேரால்" என்றோ "உளமார" என்றோ இரண்டில் ஒன்றைச் சொல்லலாம் என்றுதான் அரசியல் சட்டம் வைத்திருக்கின்றது. பிரமாணத்துக்கே கடவுள் கட்டாயமில்லை என்றால், அந்தப் பிரமாணம் எடுத்தவரைக் கடவுளாக்குவது மாத்திரம் நமக்கு எப்படிக் கட்டாயமாயிற்று?

1952-ம் வருஷம் முதல் 2024-ம் வருஷம் வரையில் லோக்சபைக்கு 18 பொதுத் தேர்தல்கள் நடந்திருக்கின்றன. காங்கிரஸ், சுதந்திராக் கட்சி, கம்யூனிஸ்டு, அ.தி.மு.க., தி.மு.க. என்று பல கட்சியாரும் திருநெல்வேலியிலிருந்து ஜெயித்து டில்லிக்குப் போய் வந்தாய் விட்டது. கடைசி ஐந்து தேர்தல்களை மாத்திரம் எடுத்துக்கொண்டால், 2004-ல் திரு. தனுஷ்கோடி ஆதித்தன், 2009-ல் திரு. எஸ்.எஸ். ராமசுப்பு, 2014-ல் திரு. கே.ஆர்.பி. பிரபாகரன், 2019-ல் திரு. ஞானதிரவியம், 2024-ல் திரு. ராபர்ட் புரூஸ் என்று ஐந்து தேர்தலுக்கு ஐந்து பேர். ஒருவரும் அடுத்தடுத்து இரண்டு தடவை இல்லை. இதை ஓட்டர்கள் விழிப்பாய் இருந்து ஒவ்வொருவருடைய கணக்கையும் பார்த்து மாற்றினார்கள் என்று சொல்லக்கூடுமானால் நாம் சந்தோஷப்படுவோம். ஆனால் அப்படி நடந்ததா? கூட்டணி மாறிற்று, ஆள் மாறினார். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகின்றோம். இந்தப் பதினெட்டுத் தேர்தலிலும் திருநெல்வேலியிலிருந்து லோக்சபைக்குப் போனவர்களில் ஒரு பெண்கூட இல்லை. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்குகின்றவர்கள் பெண்கள். ஓட்டுச் சாவடியில் வரிசையில் நிற்கின்றவர்கள் பெண்கள். ஆரத்தித் தட்டைப் பிடிக்கின்றவர்களும் பெண்கள். டில்லிக்குப் போக மாத்திரம் எழுபது வருஷமாய் ஒரு பெண் அகப்படவில்லையாம்!

அபேட்சகர்களைப் பொறுக்குகின்ற விதத்தைப் பார்ப்போம். இந்தத் தொகுதியில் எந்தக் கட்சியானாலும், அபேட்சகர் பெயரை யோசிப்பதற்கு முன்னால் எந்த ஜாதியார் எத்தனை தலை என்று எண்ணுகின்றார்கள். ஆலங்குளத்தில் இவ்வளவு, நாங்குநேரியில் இவ்வளவு, ராதாபுரத்தில் இவ்வளவு என்று ஆட்டுச் சந்தையில் எண்ணுவது போல் எண்ணியான பிறகுதான் ஆள் வருகின்றார். வந்த ஆள் காலையில் நெல்லையப்பர் கோயில், மத்தியானம் பாளையங்கோட்டையில் மாதா கோயில், சாயந்திரம் மேலப்பாளையம் பள்ளிவாசல் என்று மூன்று இடத்திலும் தலையைக் காட்டிவிட்டால் பிரசாரம் பாதி முடிந்தது. இவரிடத்தில் "நீர் டில்லிக்குப் போய் எந்தக் கேள்வி கேட்பீர்? எந்தச் சட்டத்துக்கு என்ன திருத்தம் சொல்லுவீர்?" என்று கேட்டவர் உண்டா? கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டும் என்கின்ற பயம் வரும்?

நாம் சொல்லுவதற்குக் கண்கண்ட சாட்சி ஒன்று இருக்கின்றது. 2009-ல் காங்கிரசின் சார்பாய் ஜெயித்த திரு. ராமசுப்பு அவர்கள், அந்த ஐந்து வருஷத்தில் லோக்சபையில் கேள்வி கேட்டதிலும் விவாதத்தில் எழுந்து பேசினதிலும் தமிழ்நாட்டு மெம்பர்களில் முன்வரிசையில் எண்ணப்பட்டவர். அதற்காகச் சென்னையில் ஒரு தனியார் ஸ்தாபனத்தார் வழங்குகின்ற பரிசும் பெற்றவர். 2014-ல் அவர் மறுபடியும் நின்றார். அந்தத் தேர்தலில் காங்கிரசுக்குக் கூட்டணி இல்லை. தமிழ்நாட்டில் 39 தொகுதிகளில் 38-ல் அக்கட்சிக்கு டிபாசிட் போயிற்று. திருநெல்வேலியும் அதில் ஒன்று.

இதிலிருந்து தெரிவதென்ன? அவர் நன்றாய் வேலை செய்தவர் என்றோ செய்யாதவர் என்றோ ஓட்டர்கள் தீர்ப்புச் சொன்னார்கள் என்று கொள்ளுவதற்கு இடமில்லை. அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தவர்களே அபூர்வம். 2009-ல் ஜெயித்ததும் கூட்டணியால். 2014-ல் தோற்றதும் கூட்டணியால். கேள்வி கேட்டவருக்கும் வாய் திறவாதவருக்கும் தொகுதி ஒரே மரியாதையைத்தான் செய்கின்றது என்று அடுத்து வருகின்றவர்களுக்குத் தெரிந்துவிட்டால், எவர் மெனக்கெட்டுக் கேள்வி எழுதப் போகின்றார்?

அதே சமயத்தில், கேள்வியின் எண்ணிக்கை மாத்திரம் போதும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. அர்ச்சனைச் சீட்டு எத்தனை விற்றது என்பதைக் கொண்டு எத்தனை வியாதி குணமாயிற்று என்று சொல்ல முடியாதல்லவா? அந்த ஐந்து வருஷத்திலே டில்லியில் ஆண்டது அவருடைய கட்சிதான். இதே தொகுதியைச் சேர்ந்த கூடங்குளத்தில் அணு உலை முடியுந் தறுவாயில் இருந்தது. 2011 முதல் இடிந்தகரை ஜனங்கள் எங்கள் உயிருக்கு என்ன ஜவாப் என்று உட்கார்ந்தார்கள். 2012 செப்டம்பரில் அவர்கள் மேல் போலீசு பாய்ந்தது. 2013 அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறிற்று. இந்தக் காலத்தில் தொகுதி மெம்பர் கேட்ட கேள்வி எவை, சொந்தக் கட்சி மந்திரி சொன்ன பதில் எது, அந்தப் பதிலால் ஒரு மீன்பிடிக்கின்றவர் வீட்டில் என்ன மாறிற்று என்று வரி வரியாய்ப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது யார்? ஓட்டுப் போட்ட நாம்தான். நாம் பார்க்கவில்லை. குற்றம் அவரிடத்தில் இருந்ததா இல்லையா என்பதுகூட நமக்குத் தெரியாமற் போனதுதான் நம்முடைய குற்றம்.

இனி, ஒரு மெம்பரிடத்தில் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்று பார்ப்போம். ஏனெனில் வரம் கொடுக்க முடியாத இடத்தில் வரம் கேட்பதும், கொடுக்க முடிந்த இடத்தில் சும்மா இருப்பதும் பக்தர்களுடைய சுபாவமே ஒழிய புத்திசாலிகளின் சுபாவமல்ல.

மெம்பர் என்றவுடன் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது தொகுதி வளர்ச்சி நிதி. 1993-ல் ஆரம்பித்த இந்த நிதி 2011 முதல் வருஷத்துக்கு 5 கோடி ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் திருநெல்வேலித் தொகுதியில் 2024-ல் ஓட்டர்கள் சுமார் 16½ இலட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு வருஷத்துக்கு முப்பது ரூபாய் வருகின்றது. பாளையங்கோட்டையில் இரண்டு பேர் உட்கார்ந்து காப்பி குடித்தால் தீர்ந்து போகின்ற பணம்! இதில் கட்டின கட்டடத்துக்கு மேல் மெம்பர் பெயரோடு கல் ஒன்று வைக்கப்படும். அந்தக் கல்லைப் பார்த்து நாம் மயங்கி நிற்கின்றோம். இந்த நிதியிலும் ஒரு நல்ல விதி உண்டு. கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் முதலிய வழிபாட்டு இடங்களுக்குள் இந்தப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது. தாழ்த்தப்பட்ட ஜனங்கள் வாழும் பகுதிக்கு நூற்றுக்கு 15 பாகமும், பழங்குடியார் பகுதிக்கு நூற்றுக்கு ஏழரைப் பாகமும் ஒதுக்க வேண்டும் என்பதும் நெடுநாளைய விதி. "எங்கள் கோயில் மண்டபத்துக்கு நிதி கொடும்" என்று மனுக் கொடுக்கின்ற அன்பர்கள் முதல் விதியையும், "சேரிக்கு என்ன செய்தீர்?" என்று கேட்க வேண்டிய தோழர்கள் இரண்டாவது விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் மெம்பருடைய உண்மையான அதிகாரம் இந்த 5 கோடியில் இல்லை. 2024-25-க்கு டில்லி சர்க்கார் போட்ட பட்ஜெட் 48 இலட்சம் கோடி ரூபாய். அதற்குக் கை தூக்குகின்றவர்களில் நம்முடைய மெம்பரும் ஒருவர். 48 இலட்சம் கோடிக்குக் கை தூக்கினவரிடத்தில் 5 கோடிக்கு மாத்திரம் கணக்குக் கேட்டுவிட்டுத் திருப்தியடைவது, தோப்பைக் குத்தகைக்கு விட்டவன் குத்தகைக்காரனிடம் ஒரு தேங்காய்க்குச் சண்டை போடுவது மாதிரி அல்லவா? 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தினால் மெம்பர் கட்சிக் கொறடா சொல்லுகின்றபடிதான் கை தூக்க வேண்டும் என்பது வாஸ்தவம். ஆனால் கேள்வி கேட்பதற்கு எந்தக் கொறடாவின் உத்தரவும் வேண்டியதில்லை. சபை கூடுகின்ற நாளொன்றுக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்வியும், எழுத்துமூலப் பதிலுக்கு 230 கேள்வியும் எடுக்கப்படுகின்றன. மந்திரி சொன்ன பதில் அச்சாகின்றது, யாரும் பார்க்கலாம். இன்றைக்குக் கையில் டெலிபோன் வைத்திருக்கின்ற எந்த வாலிபனும் லோக்சபையின் பக்கத்தைத் திறந்து, தன் தொகுதி மெம்பர் என்ன கேட்டார் என்று படித்துவிடலாம். சினிமா நடிகர் சாப்பிட்டது என்ன என்று பார்க்க நேரமிருக்கின்றவர்களுக்கு இதற்கு மாத்திரம் நேரமில்லையா?

அன்றியும், ஜில்லாவில் டில்லிப் பணத்தில் நடக்கின்ற திட்டங்களை மேற்பார்க்க 2016 முதல் ஒரு கண்காணிப்புக் கமிட்டி இருக்கின்றது. அதற்குத் தலைவர் கலெக்டர் அல்ல, பார்லிமெண்டு மெம்பர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அது கூட வேண்டும். எத்தனை தடவை கூடிற்று, எந்த வேலை பாதியில் நிற்கின்றது என்று எழுதிக் கேட்டார், கேட்டபின் முடிந்ததா என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கின்ற விஷயங்கள். இது உள்ளங்கை ரேகை பார்த்து ஜோசியம் சொல்லுகின்ற காரியமல்ல.

சரி, திருநெல்வேலிக்கு எது முதல், எது பின் என்றால், நாம் நாலு விஷயத்தைச் சொல்லுவோம்.

முதலாவது, பீடித் தொழிலாளர் நிதி. இலை, தூள், நூல் மூன்றையும் வைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரை குனிந்த முதுகு நிமிராமல் சுற்றுகின்ற பெண்களுக்காக 1976-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. பீடியின் மேல் ஒரு சிறு தீர்வை வாங்கி அதைத் தனிக் கணக்கில் வைத்து, அவர்களுக்கு வைத்தியம், பிள்ளைகளுக்குப் படிப்புச் சம்பளம், வீடு கட்ட உதவி ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை எடுக்கப்பட்டது. பீடியின் மேல் வரி நின்றுவிட்டதா என்றால் இல்லை. நூற்றுக்கு 28 வரி போடப்பட்டது. நின்றது எது? தொழிலாளி பெயரால் தனியாய் எழுதின கணக்கு மாத்திரந்தான் நின்றது. அதற்குப் பிறகு தொழிலாளிக்கு வருகின்றது சர்க்கார் பார்த்துக் கொடுப்பது. பாத்தியதை போய்ப் பிச்சையாயிற்று. இது கலெக்டரிடமோ கார்ப்பரேஷனிடமோ மனுக் கொடுத்துத் தீருகின்ற காரியமல்ல; டில்லியில் சட்டமாய்த் தீர வேண்டியது. இதற்கு ஆள் அனுப்பாமல் வேறு எதற்கு ஆள் அனுப்புகின்றோம்?

இரண்டாவது, மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை 99 வருஷக் குத்தகைக்கு ஒரு பம்பாய்க் கம்பெனிக்கு விட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாய்த் தேயிலை கிள்ளினவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். கூலிக்காகவும் சிறைப்பட்ட தோழர்களுக்காகவும் 1999 ஜூலை 23-ந் தேதி அவர்கள் ஊர்வலமாய்க் கலெக்டர் ஆபீசுக்கு வந்தபோது போலீசார் அடித்து விரட்டினதில் தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். அதில் பெண்களும் உண்டு, கைக்குழந்தையும் உண்டு. 2024-ல் கம்பெனி கடையைக் கட்டிற்று. சர்க்கார் தேயிலைக் கழகமே தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்ற மனுக்கள் அவ்வருஷ டிசம்பரில் ஐகோர்ட்டில் தள்ளப்பட்டன. கோர்ட்டார் இருக்கின்ற சட்டத்தைத்தான் சொல்லுவார்கள். 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டமோ பழங்குடியல்லாதார் மூன்று தலைமுறை, அதாவது 2005-க்கு முன் 75 வருஷம் காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றது. கம்பெனிக்குக் காட்டைக் கொடுக்க ஒரு கையெழுத்துப் போதுமானதாய் இருந்தது. அந்தக் காட்டில் பாடுபட்டவனுக்கு ஒரு குடிசைக்கு மூன்று தலைமுறைச் சாட்சி வேண்டுமாம்! சட்டம் இடங்கொடுக்கவில்லையென்றால் சட்டத்தைத் திருத்துகின்ற இடம் எது? மணிமுத்தாறு மலையா? டில்லியா?

மூன்றாவது, பள்ளிக்கூடத்து ஜாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். கையில் ஜாதிக்கொரு நிறக் கயிறும், நெற்றியில் ஜாதிக்கொரு அடையாளமும் இல்லாமல் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும், பள்ளிக்கூடப் பெயரிலே ஜாதி இருக்கக் கூடாது என்று நீதிபதி சந்துரு அவர்கள் 2024 ஜூனில் சர்க்காருக்கு அறிக்கை கொடுத்தார். இதை நடத்தி வைக்க வேண்டியது சென்னைச் சர்க்கார் என்பது உண்மைதான். ஆனால் மெட்ரிக்குக்கு மேல் படிக்கின்ற தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் சம்பளத்தில் நூற்றுக்கு 60 பாகம் டில்லியிலிருந்து வர வேண்டியது. அது வருஷா வருஷம் எந்த மாதம் வந்து சேருகின்றது என்று கேட்பது நம் மெம்பர் வேலை. அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கின்றது. ஜாதித் தலை எண்ணி நிறுத்தப்பட்ட ஒருவர், தம் ஜாதிப் பையன் கையிலுள்ள கயிற்றை அவிழ்க்கச் சொல்லிப் பகிரங்கமாய்ப் பேசுவாரா? பேசினால் அவரைப் பிரதிநிதி என்போம். பேசாவிட்டால் அந்தக் கயிற்றில் அவருக்கும் ஒரு முடிச்சு இருக்கின்றது என்போம்.

நாலாவது, ஆறு. காவிரிக்குக் கர்நாடகத்தைச் சொல்லலாம். முல்லைப் பெரியாற்றுக்குக் கேரளத்தைச் சொல்லலாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகின்ற வரையில் தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு அடிகூட ஓடாத தாமிரபரணிக்கு யாரைச் சொல்லுவது? 2018 அக்டோபரில் பன்னிரண்டு நாள் புஷ்கரம் என்று சொல்லி, 144 வருஷத்துக்கு ஒரு தடவை வருகின்ற புண்ணியம் என்று முழுக்குப் போட்டார்கள். வியாழன் விருச்சிக ராசிக்கு வருவது அவர்கள் கணக்குப்படியே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை; பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினது எந்தச் சாஸ்திரமோ நாம் அறியோம். பாவம் போயிற்றோ என்னவோ, சாக்கடை போகவில்லை. 2024 நவம்பரில் ஐகோர்ட்டு நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட வேண்டியதாயிற்று. வெள்ளநீரைத் தெற்கே வறண்ட சீமைக்குக் கொண்டுபோகக் கருமேனியாறு, நம்பியாறோடு இணைக்கின்ற 75 கிலோமீட்டர்க் கால்வாய் 2009-ல் ஆரம்பித்து, 369 கோடி மதிப்பு ஆயிரம் கோடியைத் தாண்டி, 2025 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. நடுவில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை காத்திருக்கவில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று, ஜங்ஷன் முழுகிற்று, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஜனங்களோடு நின்றது. இந்தப் பதினாறு வருஷத்தில் நாலு மெம்பர்கள் வந்து போனார்கள்.

மெம்பரால் ஆறு விஷயத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். திரு. கே.டி. கோசல்ராம் என்று ஒரு காங்கிரஸ்காரர் இருந்தார். பின்னாளில் திருச்செந்தூர்த் தொகுதிக்கு லோக்சபை மெம்பராகவும் இருந்தவர். 1950-களில் காமராசர் முதல் மந்திரியாய் இருந்த காலத்தில் மணிமுத்தாறு அணை வருவதற்காக விடாமல் நச்சரித்தவர் என்று அவரை இந்தச் சீமை இன்றைக்கும் சொல்லுகின்றது. அவர் எந்தக் கோயிலில் என்ன கும்பிட்டார் என்பது யாருக்கும் ஞாபகமில்லை, அணை ஞாபகமிருக்கின்றது. கட்சி வேறானாலும் இதை ஒப்புக்கொள்ளுவதில் நமக்கு வெட்கமில்லை.

கணக்குக் கேட்பது இந்தச் சீமைக்குப் புதிதுமல்ல. தாமிரபரணிக் கரையிலே சேரன்மாதேவியில் வ.வே.சு. அய்யர் நடத்தின குருகுலத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்ததும், 1924, 1925-ம் வருஷங்களில் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும், "எல்லாருடைய பணத்தையும் வாங்கிக்கொண்டு எல்லாரையும் ஒன்றாய் உட்கார வைக்க முடியாதா?" என்கின்ற ஒரே கேள்வியைத்தான் கிளப்பினார்கள். அந்த ஒரு கேள்வி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிற்று. பொதுப்பணம் எங்கே போயிற்று என்று கேட்ட கேள்வி அது. அப்படிப்பட்ட கேள்வி பிறந்த கரையில் இருக்கின்ற நாம், இன்றைக்கு நிழற்கூடத்துக்கு நன்றி சொல்லிக் கைகூப்பி நிற்கின்றோம்.

சில தோழர்கள் கேட்கின்ற ஆட்சேபணை நமக்குத் தெரியும். "அண்ணாச்சி, நாம கேட்டா அவுக கோவிச்சுக்கிட மாட்டாகளா? நாளைக்கு ஒரு காரியம்னா யாருட்டப் போறது?" என்பார்கள். கோபித்துக்கொள்ளட்டுமே! கேள்வி கேட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்று நம்மைப் பயமுறுத்தி வளர்த்தார்கள்; கேட்டோம், கண் இருக்கின்றது. மெம்பர் கோபித்தால் என்ன குத்திவிடுவார்? அவருக்கு நாம் கொடுத்தது ஐந்து வருஷம். நமக்கு அவர் கொடுத்தது ஒன்றுமில்லை. இன்னும் சிலர், "நம்ம ஆளு, விட்டுக்கொடுக்கலாமா?" என்பார்கள். நம்ம ஆள் என்பதுதான் கணக்குக் கேட்பதற்கு முதல் காரணம். அடுத்த வீட்டுக் காரியஸ்தரிடமா போய்க் கணக்குக் கேட்பது?

2024-ல் திரு. ராபர்ட் புரூஸ் அவர்கள் ஒரு இலட்சத்து அறுபத்தையாயிரம் ஓட்டுக்கு மேல் அதிகம் பெற்று ஜெயித்தார். நாம் இங்கே அவருக்குப் பாராட்டுப் பத்திரமும் வாசிக்கவில்லை, குற்றப் பத்திரிகையும் தாக்கல் செய்யவில்லை. அவர் காங்கிரஸ் என்பதற்காக விடவும் வேண்டாம், அதற்காகவே பிடிக்கவும் வேண்டாம். முன்னால் இருந்தவர்களுக்கும் இனி வரப் போகின்றவர்களுக்கும் எந்தத் தராசோ அதே தராசு அவருக்கும். பீடிப் பெண்களின் நிதிக்கு என்ன கேட்டீர்? மாஞ்சோலைக்காக எந்தத் திருத்தம் கொண்டு வந்தீர்? தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் படிப்புச் சம்பளம் எந்த மாதம் வந்தது? கண்காணிப்புக் கமிட்டி எத்தனை தடவை கூடிற்று, ஆற்றுச் சாக்கடை எத்தனை வாய்க்கால் அடைபட்டது? நிதி 5 கோடியில் சேரிக்குப் போனது எவ்வளவு? இந்த ஐந்து கேள்விகளையும் ஒவ்வொரு ஊரிலும் நமது வாலிபர்கள் ஒரு காகிதத்தில் எழுதி, வருஷத்துக்கு ஒரு தடவை பதில் வாங்கி, ஊர்ச் சாவடியிலும் வாசகசாலையிலும் ஒட்டி வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் "பதில் இல்லை" என்று எழுதி ஒட்டி வைக்க வேண்டும். அதுவும் ஒரு பதில்தான்.

ஆகவே, தோழர்களே! அடுத்த தடவை மெம்பர் உங்கள் ஊருக்கு வரும்போது மாலைக்குச் சேர்க்கின்ற பணத்தில் இரண்டு நாற்காலி வாங்கிப் போடுங்கள். ஒன்றில் அவர் உட்காரட்டும். எதிரிலுள்ளதில் நீங்கள் உட்காருங்கள். ஆரத்தித் தட்டைப் பிடிக்கின்ற பெண்ணின் கையில் அந்தக் கேள்விக் காகிதத்தைக் கொடுத்து முதலில் அவளையே கேட்கச் சொல்லுங்கள்.